ஐஸ் கரைவதற்குள்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி சுமார் 20 கிலோமீட்டர். விடியற்காலையில் இருசக்கர வாகனத்தின் பின்னால் மீன்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு விரையும் வியாபாரிகளிடம் சாலைப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், பேச்சு பெட்ரோல் விலைக்குத் திரும்பிவிடுகிறது. பொருளியல் கற்பித்த எனக்கு அது திசைமாறிய பேச்சாகத் தோன்றவில்லை.

பெட்டி ஒன்றானாலும் மூன்றானாலும் ஒரு நடைக்கான பெட்ரோல் செலவில் பெரிய வேறுபாடில்லை. எனவே விலை உயர உயர, நடையைக் குறைத்துச் சுமையைக் கூட்டுவதே கட்டுப்படியாகும். சுமை கூடினால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரமும் கூடும். நிதானமாகச் சென்றால் பெட்ரோல் மிச்சம்தான். ஆனால் ஐஸ் கரைகிறதே! இறாலின் நிறம் மங்கினால் விலை சரிந்துவிடும். அபராதம் மட்டும் இந்தக் கணக்கை மாற்றாது.

பதிவு பெற்ற விசைப்படகுகளுக்கு விற்பனை வரி விலக்குடன் டீசல் வழங்குகிறது தமிழக அரசு. மீன் கரையேறியதும் அந்தச் சலுகை முடிந்துவிடுகிறது. மத்திய அரசோ 2018 நிதிநிலை அறிக்கையில் லிட்டருக்கு 8 ரூபாய் சாலை, உள்கட்டமைப்பு செஸ் விதித்தது. பின்னர் அதன் அளவு மாறியது. ஆனால் சாலையையே காணாத படகின் எஞ்சினும் அதைச் செலுத்துகிறது. (வகுப்பில் இதைவிட நல்ல வினாவை நான் கேட்டதில்லை.) செஸ் வசூல், மாநிலங்களுடன் பகிரும் வரித்தொகுப்பிலும் சேர்வதில்லை.

அதில் ஒரு சிறு பங்கு பழவேற்காட்டின் மீன் இறங்குதளத்துக்குக் குளிர்காப்பு அறையாகவும், ஐஸ் எளிதில் கரையாத பெட்டிகளாகவும் திரும்பி வரட்டும். அப்போது அந்த வியாபாரி இரண்டு நடையாக, நிதானமாகச் செல்ல முடியும்.