எகிறியது 'ராம்' விலை! கைகொடுக்குது பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்!

கேமிங் சிஸ்டம் வாங்கத் துடிக்கும் போத்தனூர் வாலிபர்களே, உஷார்!

கம்ப்யூட்டருக்குள்ளே 'ராம்' என்று ஒரு பட்டை இருக்கிறது. ஒரு சாண் நீளம்கூட கிடையாது. இந்தப் பட்டையின் விலை 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் கிடுகிடுவென்று ஏறியது. சில ரகங்கள் இரண்டு மடங்கையும் தாண்டின.

விளைவு? "போனஸ் வந்ததும் வாங்கலாம்டா" என்று சொல்லி வைத்திருந்த வீடுகளில் கணக்கு தலைகீழ்! போட்டு வைத்த பட்ஜெட்டில் பாதியை ராமே விழுங்கிவிடும் போலிருக்கிறதே என்று கையைப் பிசையும் நிலைமை.

ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. கடன் வாங்காமல், ஏமாறாமல், குறைந்த பணத்தில் கேமிங் கம்ப்யூட்டர் சேர்க்க முடியும். அதற்கு என்ன செய்ய வேண்டும்? எங்கெங்கே குழி வெட்டி வைத்திருக்கிறார்கள்? விவரம் வருமாறு:-

அங்கே ஆர்டர், இங்கே அடி!

உலகத்தில் ராம் 'சிப்' தயாரிப்பில் பெரும்பங்கு மூன்றே மூன்று கம்பெனிகள் கையில் இருக்கிறது. தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். 'ஏ.ஐ.' எனப்படும் செயற்கை நுண்ணறிவுக்காக ராட்சத கம்ப்யூட்டர் கூடங்களைக் கட்டும் நிறுவனங்கள் இந்த மூன்று இடத்திலும் மொத்தம் மொத்தமாக ஆர்டர் போட்டன. லாபம் அதிகம் உள்ள பக்கம் தயாரிப்பைத் திருப்பி விட்டார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கான சரக்கு குறைந்தது. விலை ஏறியது.

கோவைக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. மில் நூலை எல்லாம் பெரிய ஏற்றுமதி ஆர்டர் அள்ளிக்கொண்டு போனால் சோமனூர் தறிக்காரர் என்ன பாடுபடுவார்? அதே கதைதான்!

மைக்ரான் கம்பெனி ஒருபடி மேலேயே போய்விட்டது. 'குருசியல்' என்ற பெயரில் 29 ஆண்டுகளாக சாதாரண மக்களுக்கு ராம் விற்று வந்தது. அந்த வியாபாரத்தையே விட்டு விலகப் போவதாக 2025 டிசம்பர் 3-ந்தேதி அறிவித்தது. ஏ.ஐ. கூடங்களின் தேவைதான் காரணம் என்று சொன்னது.

ராமோடு வரும் சிஸ்டம்

இங்கேதான் செகண்ட் ஹேண்ட் கைகொடுக்கிறது. ஆபீஸ்களில் ஓடிய டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் போன்ற சி.பி.யு.க்கள் மறுவிற்பனைக்கு வருகின்றன. மதர்போர்டு, பிராசசர், எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் சேர்ந்த செட். முக்கியமாக ராமும் அதற்குள்ளேயே இருக்கும். புது ராமுக்குத் தனியாக அழ வேண்டியதில்லை. மேற்கொண்டு ஒரு கிராபிக்ஸ் கார்டு மாட்டினால், நேற்று வரை ஆபீசில் கணக்கு எழுதிய கம்ப்யூட்டர் இன்று கார் ரேஸ் ஓட்டும்!

கோவைக்கு இது புதுசா என்ன? எரிந்துபோன மோட்டாரை ரீவைண்டிங் பண்ணி இன்னும் பல வருஷம் தண்ணீர் இறைக்கும் ஊராச்சே!

விலை படியும் காரணம்

பழைய சிஸ்டங்கள் கம்மி விலைக்கு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல்லின் 8-வது தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களில் ஒருசிலவற்றைத் தவிர மற்றதை ஏற்பதில்லை. அதனால் 6-வது, 7-வது தலைமுறை சிஸ்டங்களுக்கு ஆபீஸ்களில் மவுசு போனது.

அப்படியானால் அதையே வாங்கலாமா? அவசரம் வேண்டாம். 2015-ல் வந்த ஐ5-6500, 2017-ல் வந்த ஐ5-7500 இரண்டிலும் 4 'கோர்'தான். 2018-ல் வந்த ஐ5-8500-ல் 6 கோர். விண்டோஸ் 11-ம் ஏறும். வாலிபர்கள் விரும்பி ஆடும் 'வேலரன்ட்' விளையாட்டு, விண்டோஸ் 11-ல் 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு வசதி இருந்தால்தான் திறக்கும். அதுவும் இதில் இருக்கும். கொஞ்சம் கூடப் போனாலும் 8-வது தலைமுறையே புத்திசாலித்தனம்.

75 வாட்ஸ் ரகசியம்

இதுதான் பலரும் கோட்டை விடும் இடம்.

ஆபீஸ் சி.பி.யு.க்களில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் 180 முதல் 300 வாட்ஸ் வரைதான். கிராபிக்ஸ் கார்டுக்கு என்று தனி வயர் பல மாடல்களில் இருக்காது. பெரிய கார்டு வாங்கி வந்து மாட்டினால் 'பொசுக்'கென்று அணைந்துவிடும். வேறு எஸ்.எம்.பி.எஸ். மாற்றலாம் என்றால் சில கம்பெனி மாடல்களில் பின் அமைப்பே வேறு. கடையில் கிடைக்கும் சாதா எஸ்.எம்.பி.எஸ். அதில் பொருந்தாது.

வழி என்ன? மதர்போர்டில் கார்டு மாட்டும் ஸ்லாட்டில் இருந்தே 75 வாட்ஸ் வரை கரண்ட் கிடைக்கும். அதற்குள் ஓடும் கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும். 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 2019-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 இரண்டும் இந்த வகை. ஆனால் இவற்றிலேயே தனி வயர் கேட்கும் மாடல்களும் உண்டு. கார்டின் ஓரத்தில் 6 பின் சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

இரண்டில் எது? 1650-தான். 1050 டி.ஐ. இருக்கும் பழைய வரிசைக்கு புது விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை என்விடியா கம்பெனி 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு திருத்தம் மட்டும் வரும். 1650-க்கு இந்த வெட்டு விழவில்லை.

இன்னொன்று. புத்தகம் மாதிரி ஒல்லியாக இருக்கும் 'ஸ்லிம்' சி.பி.யு.வில் சாதா கார்டு உயரம் தட்டும். 'லோ புரொபைல்' என்ற குட்டைக் கார்டு தேட வேண்டும். கிடைப்பது கஷ்டம், விலையும் கூட. ஆகவே உயரமான 'டவர்' கேபினெட்டாகவே கேட்டு வாங்குங்கள்.

கார்டே வேண்டாமா?

கார்டுக்கு இப்போது காசு இல்லை என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஏ.எம்.டி. கம்பெனி 2021-ல் விட்ட ரைசன் 5 5600ஜி பிராசசரில் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஆனால் இது ராமைத்தான் கிராபிக்சுக்கும் எடுத்துக்கொள்ளும். அதனால் 16 ஜி.பி. ஒரே பட்டையாகப் போடாமல் 8 ஜி.பி. பட்டை இரண்டாகப் போட வேண்டும். ஒற்றைப் பட்டை போட்டால் ஒற்றை மாட்டு வண்டிதான்! இதற்கு ராம் தனியாக வாங்க வேண்டும் என்பதால், ராம் விலை ஏறி நிற்கும் நேரத்தில் பழைய ஆபீஸ் சிஸ்டமே லாபம். செகண்ட் ஹேண்டில் செட்டாக வந்தால் மட்டும் இதைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: பையன் எந்த விளையாட்டு ஆடப் போகிறான்? 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ஜி.டி.ஏ. 5' குறைந்தபட்சம் கேட்டது 4 ஜி.பி. ராமும் 1 ஜி.பி. கிராபிக்சும்தான். 'வேலரன்ட்' அதைவிடச் சாது. இதற்கெல்லாம் லட்ச ரூபாய் சிஸ்டம் எதற்கு? கலர் கலராக லைட் எரியும் கேபினெட்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டினால் கம்ப்யூட்டர் பறக்கும். லைட் எரிவதால் எந்த விளையாட்டும் வேகமாக ஓடாது!

போலி கார்டு மோசடி

இனிதான் மோசடிப் பேர்வழிகளின் கைவரிசை!

2010, 2011-ம் ஆண்டுகளில் வந்த ஜி.டி.எஸ். 450, ஜி.டி.எக்ஸ். 550 டி.ஐ. கார்டுகளின் உள்ளே இருக்கும் புரோகிராமை மாற்றி, '1050 டி.ஐ.' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் மோசடி உலகம் முழுக்க நடந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் மாட்டினாலும் '1050 டி.ஐ.' என்றே பெயர் காட்டும். விளையாட்டைத் திறந்தால்தான் குட்டு உடையும்.

கண்டுபிடிப்பது சுலபம். 'ஜி.பி.யு.-இசட்' என்று ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கிறது. அதை ஓட்டினால், போலி கார்டின் பெயருக்கு முன்னால் 'போலி' என்று ஆங்கிலத்தில் காட்டிக் கொடுத்துவிடும். ஆர்.எக்ஸ். 580 கார்டிலும் ஒரு சூட்சுமம். அசலில் 2304 'ஷேடர்' இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது சக்தி குறைந்த ரகம். 580 விலை கொடுக்காதீர்கள்.

'எத்தீரியம்' என்ற கிரிப்டோ காசு தோண்டுவதற்கு ராப்பகலாக ஓட்டிய கார்டுகள், 2022 செப்டம்பர் 15-ந்தேதி அந்த முறை நின்றுபோனதும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் வந்து குவிந்தன. எல்லாமே குப்பை என்று சொல்ல முடியாது. அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டச் சொல்லுங்கள். படம் கிழிகிறதா, கோடு விழுகிறதா, பேன் கரகரக்கிறதா, தானாக அணைகிறதா என்று பாருங்கள். "அதெல்லாம் ஓட்டிக் காட்ட முடியாதுங்க" என்றால் நடையைக் கட்டுங்கள்.

கியூ.ஆர். குறி!

ஆன்லைனில் "ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்பர் ஆகிவிட்டது, கம்ப்யூட்டரை பாதி விலைக்குத் தர்றேன்" என்று அடையாள அட்டை படத்தை அனுப்பி அட்வான்ஸ் கறப்பது பழைய தந்திரம். நீங்கள் பழைய சிஸ்டத்தை விற்கப் போனாலும் வலை விரிப்பார்கள். "பணம் அனுப்புறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். ஸ்கேன் செய்து 'பின்' நம்பர் போட்டதும் உங்கள் கணக்கில் இருந்து பணம் போய்விடும். பணம் வாங்க 'பின்' நம்பர் தேவையே இல்லை! ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பில் இல்லாத பொருளைச் சந்துக்குள் வைத்து வாங்குவதும் ஆபத்து. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில். கேம் ஆட வாங்கிய கம்ப்யூட்டர் கம்பி எண்ண வைத்துவிடும்!

காந்திபுரமா, ரிச்சி தெருவா?

"நைட் ரெயில் பிடிச்சு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனா மலிவுடா" என்று நண்பர்கள் உசுப்பேற்றுவார்கள். ரெயில் கட்டணம், சாப்பாட்டுச் செலவைக் கூட்டிப் பாருங்கள். வாங்கி வந்த பொருள் பத்தாம் நாள் மக்கர் செய்தால் மறுபடி யார் சென்னைக்குப் போவது? 2024 ஆகஸ்டில் உக்கடம்-ஆத்துப்பாலம் மேம்பாலம் திறந்த பிறகு காந்திபுரத்துக்குப் போய்வருவது பெரிய பாடு இல்லை. நாலு கடை ஏறி இறங்கி, சிஸ்டத்தை ஓட்டிப் பார்த்து, வாரண்டியை எழுதி வாங்குங்கள்.

"பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேனுங்க" என்று சொன்னால் மயங்க வேண்டாம். ரூ.10 ஆயிரம் பொருளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.1,800. அது மிச்சம் என்று பில்லை விட்டால், பழுது வரும்போது வாரண்டி கேட்க வழியில்லை. மொத்தப் பணமும் போச்சு!

உயிர் முக்கியம்

எஸ்.எம்.பி.எஸ். தனியாக வாங்குபவர்கள் கவனத்துக்கு: '450 வாட்ஸ்' என்று ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டிருக்கும் மலிவுச் சரக்கு எல்லாம் அவ்வளவு கரண்ட் தந்துவிடாது. சூடாகிக் கருகினால் தான் மட்டும் போகாது. மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். '80 பிளஸ்' முத்திரை உள்ளதாக, பெயர் தெரிந்த கம்பெனியுடையதாக வாங்குங்கள். எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், இதில் கூடாது.

பழைய லைன் வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. கேபினெட்டில் கை வைத்தால் 'சுருக்' என்று அடிக்கும். "லேசாத்தானே அடிக்குது" என்று விட்டுவிடாதீர்கள். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுவது தற்கொலைக்குச் சமம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

கரண்ட் பில் கணக்கையும் பார்த்துவிடுங்கள். மானிட்டரோடு 200 வாட்ஸ் இழுக்கும் சிஸ்டத்தை தினம் 4 மணி நேரம் ஓட்டினால் 60 நாளைக்கு 48 யூனிட்.

பெற்றோர் கவனத்துக்கு

"ஏனுங்க, இது ரம்மி ஆடுற கம்ப்யூட்டருங்களா?" என்று பயப்படும் தாய்மார்கள் உண்டு. அது வேறு, இது வேறு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றியது. பையன் கார் ரேஸ் ஆடுகிறானா, காசு கட்டுகிறானா என்பதைக் கவனித்தால் போதும். படிப்பு, டிசைன் வேலை, வீடியோ எடிட்டிங் எல்லாவற்றுக்கும் அதே சிஸ்டம் உதவும். அதற்காக வட்டிக்கு வாங்கவோ, நகையை அடகு வைக்கவோ வேண்டாம்.

இந்த மாதம் 8-வது தலைமுறை டவர் சி.பி.யு. மட்டும் வாங்குங்கள். அடுத்த மாதம் எஸ்.எஸ்.டி. கிராபிக்ஸ் கார்டு போனசுக்கு வரட்டும். அதுவரை பையன் சின்னச் சின்ன விளையாட்டு ஆடிக்கொண்டிருப்பான். ஒன்றும் குடிமுழுகிப் போகாது!