வென்றவருக்கு வெளியேற்றம்!

குற்றாலத்து அருவியிலே குளித்துக் குதூகலித்த பின், அருவி தந்த மலையை ஏசுவாருண்டோ? இல்லை! ஆனால் இந்திய ஹாக்கியை ஆண்டோர் ஏசினர்!

1966க்குப் பிறகு 32 ஆண்டு வறட்சி. 1998இல் பாங்காக் ஆசியப் போட்டியில் தென்கொரியாவை வீழ்த்தித் தங்கம் கொணர்ந்தது நமது அணி. தலைவர், தமிழ்க் குடியிற் பிறந்த தன்ராஜ் பிள்ளை; பயிற்சியாளர், எம்.கே. கௌசிக். கிடைத்த பரிசென்ன? கௌசிக் நீக்கப்பட்டார், தன்ராஜும் மூத்த வீரர் சிலரும் ஒதுக்கப்பட்டனர்!

ரசிகர்கள் கொதித்தனர். விளையாட்டுப் பித்து என்று அதைத் தள்ளலாமா? கூடாது என்கிறோம். ஆலையிலே ஒருவரை நீக்கினால், "காரணம் என்ன?" என்று தோழர்கள் கேட்பதில்லையா? கைதட்டியவனுக்கும் அந்தக் கேள்வி உரிமையே!

பயிற்சியாளர்கள் வந்தனர், போயினர். 1994 முதல் தலைவர் நாற்காலியில் கே.பி.எஸ். கில் மட்டும் அசையவில்லை. 2008இல் ஒலிம்பிக் வாய்ப்பையே இழந்தது இந்தியா. 80 ஆண்டில் முதல் முறை! அதன் பின்னரே அவரது சம்மேளனம் இடைநீக்கம் செய்யப்பட்டது.

வென்றவருக்கு வெளியேற்றம், வீழ்த்தியவருக்கு நாற்காலி! இது என்ன நீதி?

தோழர்களே, மலையை உடைத்தெறிந்துவிட்டு, "அருவி எங்கே?" என்று அடிவாரத்திலே நின்று கேட்டால், தண்ணீரா கொட்டும்?