சுருள் முடியும் ஒரு தாயும் மகளும்

டீசல் ஷெட்டில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டிப்ளமாக்காரனுக்குப் பெண்களின் தலைமுடியைப் பற்றி எழுத என்ன தகுதி இருக்கிறது என்று சங்க அன்பர்கள் கேட்கலாம். என் தலையை நேரில் பார்த்தவர்கள் இன்னும் உரக்கவே கேட்பார்கள். ஆனாலும் 2023-ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்து எடிசன் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது பார்த்தவற்றில், எழுதி அனுப்ப வேண்டும் என்று தோன்றியது இது ஒன்றுதான். நயாகராவைப் பற்றி ஏற்கெனவே நம் இதழில் மூன்று பேர் எழுதிவிட்டார்கள்.

மகள் வீட்டுக்கு எதிர் வாசலில் கறுப்பினத்தைச் சேர்ந்த ஒரு தாயும் அவருடைய எட்டு வயது மகளும் குடியிருந்தார்கள். தாய்க்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. அந்தச் சிறுமியும் என் பேத்தியும் ஒரே வகுப்பு. பேத்தி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் நான் 'தாத்தா', என் மனைவி 'பாட்டி' என்று ஆகிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் தலைக்குளியல் நாள். நம் வீட்டு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் போல என்று நினைத்துவிட வேண்டாம். அது அரை மணியில் முடிந்துவிடும். இது காலை பத்து மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் ஒன்றரை ஆகும். குளித்து முடித்ததும் ஈரத் தலையோடு மகளைக் கட்டிடத்தின் பின்புறப் புல்வெளிக்கு அழைத்து வருவார். தாய் பெஞ்சில், மகள் கீழே ஒரு மெத்தையில், தாயின் முழங்கால்களுக்கு நடுவே. பக்கத்தில் ஒரு கூடை. அதில் தண்ணீர் தெளிக்கும் புட்டி, கிளிப்புகள், பற்கள் அகன்ற சீப்பு, கண்டிஷனர், ஷியா வெண்ணெய், ஒரு சின்னக் கறுப்புக் குப்பி.

அந்தக் கறுப்புக் குப்பியால்தான் எங்களுக்குள் பழக்கமே ஏற்பட்டது. அதை வாங்கி முகர்ந்து பார்த்த என் மனைவி, "இது நம்ம விளக்கெண்ணெய்ங்க!" என்றாள். உண்மைதான். ஜமைக்காவில் ஆமணக்கு விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து எடுக்கிற எண்ணெய் அது. எங்கள் ஊர்ப் பக்கம் என் பாட்டி காய்ச்சிய முறையும் ஏறத்தாழ அதேதான். அன்றோடு என் மனைவிக்கு ஆங்கிலம் ஒரு தடையாகவே இல்லை.

சீப்பை உச்சியில் வைத்து இழுப்பது அங்கே பெருங்குற்றம். முடியை நான்கு பாகமாகப் பிரித்து மூன்றைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்து, நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். முதலில் விரல், பிறகுதான் சீப்பு. முடி நனைந்திருக்க வேண்டும், கண்டிஷனரின் வழவழப்பும் இருக்க வேண்டும். காய்ந்த முடியைத் தொடவே கூடாது. சிக்கு எடுத்த பாகத்தில் வெண்ணெயும் எண்ணெயும் தடவி, கயிறு திரிப்பது போல இரண்டு பிரியாக முறுக்கி விடுவார். இரவில் சாட்டின் துணியில் தைத்த குல்லா. பருத்தித் தலையணை உறை முடியிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடுமாம்.

எதற்கு இத்தனை பாடு என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை ஒரு ரயில்வேக்காரனால் உடனே புரிந்துகொள்ள முடிந்தது. நம் முடியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ வட்டம். அவர்களுடைய முடி தட்டையான நீள்வட்டம். மயிர்க்கால் தோலுக்குள்ளேயே வளைந்திருப்பதால் முடி வெளியே வரும்போதே சுருளாக வருகிறது. மண்டைத் தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் நேரான முடியில் நுனிவரை வழிந்துவிடும். சுருளில் அது பாதி தூரம் போவதே அபூர்வம். ஆகவே வேரில் எண்ணெய் இருந்தாலும் நுனி வறண்டு கிடக்கும். போதாததற்கு ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். எங்கள் ஷெட்டில் போகி ஸ்பிரிங் உடைந்து வந்தால் விரிசல் எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். சுருளின் உட்பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். சுமை அங்கேதான் குவிகிறது. இந்த முடியும் வளைவில்தான் ஒடிகிறது. வளைவுகளில் மசகெண்ணெய் எட்டாத ஓர் இயந்திரம் என்று வைத்துக்கொண்டால் அந்த மூன்றரை மணி நேரத்துக்குக் காரணம் விளங்கும்.

அந்த முடி வளர்வதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியல்ல. ஈரத்தில் இழுத்துப் பிடித்தால் சிறுமியின் முடி தோளுக்குக் கீழே வந்தது. விட்டால் காதுக்கு மேலே ஏறிக்கொண்டது. நீளம் முழுவதும் சுருளுக்குள்ளே மடிந்து கிடக்கிறது.

இவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறாரே, இவருடைய தாயார் நன்றாகக் கற்றுக்கொடுத்திருப்பார் போலும் என்று என் மனைவி பாராட்டினாள். அவர் சிரித்தார். முப்பத்து நான்கு வயது வரை தன் சொந்த முடி எப்படி இருக்கும் என்றே தனக்குத் தெரியாது என்றார்.

ஏழு வயதில் அவருடைய தாயார் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து ரிலாக்ஸர் என்னும் பசையைத் தலையில் தடவியிருக்கிறார். சுருளை நிரந்தரமாக நேராக்கும் பசை. எரியும், எரிந்தாலும் சொன்ன நேரம்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். வேரிலிருந்து புதிய முடி சுருண்டு எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் மறுபடியும் தடவல். இப்படியே இருபத்தேழு வருடம். அந்தத் தாயாரைக் குற்றம் சொல்ல அவர் ஒப்பவில்லை. "வேலை கிடைக்க வேண்டும், பள்ளியில் கேலி செய்யக்கூடாது என்றுதான் செய்தார்கள், சார்" என்றார்.

அந்தப் பசையில் என்ன இருக்கிறது என்று விசாரித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய வகைகளில் இருந்தது சோடியம் ஹைட்ராக்ஸைடு, அதாவது காஸ்டிக் சோடா. எங்கள் ஷெட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரும்புப் பாகங்களைச் சுத்தம் செய்ய அதைத்தான் தொட்டியில் கொதிக்கவைப்போம். அலுமினியப் பாகம் தவறி விழுந்தால் அரித்துவிடும். ரப்பர் கையுறை இல்லாமல் எவனாவது தொட்டிப் பக்கம் போனால் சார்ஜ்மேன் விரட்டுவார். 'காஸ்டிக் இல்லாதது' என்று விற்கும் வகையிலும் கால்சியம் ஹைட்ராக்ஸைடு, அதாவது சுண்ணாம்பு, இன்னொரு ரசாயனத்தோடு சேர்ந்து ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. முடிக்குள் கந்தகப் பிணைப்புகள் இருக்கின்றன. சுருளுக்கு வடிவம் தருபவை அவை. காரம் அவற்றை உடைத்துவிடுகிறது.

2022 அக்டோபரில் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிலையங்கள் ஓர் ஆய்வை வெளியிட்டன. 33,497 பெண்களைப் பதினொரு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வு. முடியை நேராக்கும் ரசாயனங்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடிய விகிதம் 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். ரசாயனம்தான் காரணம் என்று அந்த ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது என்றுதான் சொன்னது. அவர் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவர். இந்த வித்தியாசத்தை எனக்குப் பொறுமையாக விளக்கியவரே அவர்தான்.

ஆனால் அவர் பசையை விட்டது இந்த ஆய்வு வருவதற்கு முன்பே. 2021-இல், மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, பள்ளியில் போட்டோ எடுக்கும் நாளுக்கு முன்தினம் ஒரு குறிப்பு வந்தது: பிள்ளையின் தலையைச் 'சற்று ஒழுங்குபடுத்தி' அனுப்பவும். தாய் கொதித்துப் போனார். மகளை மடியில் வைத்துக்கொண்டு, "உன் முடி அழகானது, அதில் எந்தக் குறையும் இல்லை" என்றார். குழந்தை அண்ணாந்து அம்மாவின் நேரான முடியைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நீ மட்டும் ஏன் இப்படி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டதாம்.

அந்த வாரமே அவர் ரசாயனம் ஏறிய முடி முழுவதையும் வெட்டிவிட்டார். வேரில் ஓர் அங்குலச் சுருள்தான் மிஞ்சியது. தாயும் மகளும் சேர்ந்தே கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். இந்த முடியை எப்படிச் சீவுவது என்று சொல்லித்தர வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எங்கோ மூன்று தலைமுறைக்கு முன் அந்தப் பாடம் அறுந்து போயிருந்தது.

அது அறுந்ததற்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. 1786-இல், ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த லூசியானாவில் மீரோ என்ற ஆளுநர், கறுப்பினப் பெண்கள் அடிமைகளாக இல்லாவிட்டாலும் தலைமுடியைத் துணியால் மூடித்தான் தெருவுக்கு வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்கள் பளிச்சென்ற பட்டுத் துணிகளை விதவிதமாகக் கட்டிக்கொண்டு வந்து அவமானத்தையே அலங்காரமாக்கிவிட்டார்கள். பின்னர் 1906-இல் மேடம் சி.ஜே.வாக்கர் என்ற பெண்மணி கூந்தல் மருந்து வியாபாரம் தொடங்கினார். 1867-இல் பருத்தித் தோட்டத்தில் பிறந்து, ஏழு வயதில் அநாதையாகி, இருபது வயதில் விதவையாகி, துணி வெளுத்துப் பிழைத்தவர். அவருக்கே முடி கொட்டியதுதான் தொடக்கம். வியாபாரத்தில் தோள் கொடுத்தவள் அவருடைய ஒரே மகள் லீலியா. சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் வாக்கர் என்று பலரும் எழுதுவது தவறு. அவர் முதன்மையாக விற்றது மண்டைத் தோலுக்கான களிம்பை.

நம் துறைக்காரர் ஒருவரும் இதில் உண்டு. சாலை சிக்னலுக்கு 1923-இல் காப்புரிமை பெற்ற காரெட் மார்கன், அதற்கு முன்பே முடியை நேராக்கும் ஒரு களிம்பைச் செய்து விற்றவர். தையல் மெஷின் ஊசிக்கு எண்ணெய் தேடப் போய், கையைத் துடைத்த கம்பளித் துணியின் இழைகள் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தார் என்று கதை. 1954-இல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் தொடங்கிய நிறுவனமும் நேராக்கும் பசையில்தான் ஆரம்பித்தது. 1960-களில் இளைஞர்கள் முடியைச் சுருளாகவே வளர்த்து 'ஆஃப்ரோ' என்று நிமிர்ந்து நடக்கத் தொடங்கியபோது, அதே நிறுவனம் ஆஃப்ரோவுக்கும் பூச்சு விற்றது. வியாபாரி என்றால் அப்படித்தான்!

சட்டம் மட்டும் மெதுவாகத்தான் வந்தது. 2010-இல் அலபாமாவில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வேலையை, சடைத் திரிகளை வெட்ட மறுத்ததற்காகத் திரும்பப் பெற்றார்கள். சிகையலங்காரம் மாற்றிக்கொள்ளக் கூடியதுதானே, இது இனப் பாகுபாடு ஆகாது என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. 2018 டிசம்பர் 19 அன்று இதே நியூஜெர்சியில், பள்ளி மல்யுத்தப் போட்டியில் ஒரு மாணவனின் சடையை அரங்கிலேயே கத்தரித்த பிறகுதான் ஆட அனுமதித்தார்கள். நாடே பார்த்தது. சரியாக ஓர் ஆண்டு கழித்து அதே தேதியில், முடியின் இயல்பைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்ற 'கிரவுன்' சட்டத்தில் அம்மாநில ஆளுநர் கையெழுத்திட்டார். கலிபோர்னியாவுக்கும் நியூயார்க்கிற்கும் அடுத்த மூன்றாவது மாநிலம் அது. போட்டோ நாள் குறிப்பு வந்தபோது அந்தத் தாய் இந்தச் சட்டத்தின் பிரதியை எடுத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போனார். பத்து நிமிடத்தில் மன்னிப்புக் கேட்டார்களாம்.

ஒரு ஞாயிறு அவர் பழைய அலமாரியைக் காலி செய்தபோது, முன்பு தலையில் வைத்துத் தைத்துக்கொள்ளும் நீண்ட முடிக் கற்றை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நாம் சவுரி என்போமே, அது. உறையில் 'இந்திய முடி' என்று அச்சிட்டிருந்தது. திருப்பதியிலும் பழனியிலும் பக்தர்கள் முடி இறக்குவதையும், தேவஸ்தானம் அதை ஏலம் விடுவதையும் என் மனைவி விளக்கினாள். கிரிஸ் ராக் என்ற நடிகர் தன் சின்ன மகள் கேட்ட ஒரு கேள்விக்காக 2009-இல் எடுத்த 'குட் ஹேர்' என்ற ஆவணப்படத்தில் இந்த மொட்டை போடும் காட்சியைப் பார்த்திருப்பதாக அவர் சொன்னார். "அந்தப் பெண்களுக்கு இதற்குக் காசு கிடைக்குமா, பாட்டி?" என்று கேட்டார். கிடைக்காது, அது சாமிக்குக் கொடுத்தது என்றாள் மனைவி. அவர் அந்தக் கற்றையை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். குப்பையில் போட மனம் வராமல் திரும்ப அலமாரிக்குள்ளேயே வைத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அங்கே போகும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளைகளின் முடி மெத்தென்று இருக்கிறதே என்று கேட்காமல் கையை நீட்டிவிடாதீர்கள். வழியில் போகிறவர்களெல்லாம் தொட்டுப் பார்க்கிறார்கள் என்பதுதான் அந்தச் சிறுமியின் பெரிய புகார். நம் ஊரில் சுருட்டை முடிக் குழந்தைகளைப் பெற்றவர்களும் அழகு நிலையத்துக்குப் போய் 'ஸ்ட்ரெய்ட்டனிங்' என்ற சேவைக்குப் பணம் கட்டுமுன், அந்தப் புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.

சென்ற மாதம் பேத்தி வீடியோவில் பேசினாள். அந்தச் சிறுமி இப்போது அம்மாவைக் கீழே உட்காரவைத்துத் தானே முறுக்கி விடுகிறாளாம். முதல் தடவை வகிடு கோணலாகிவிட்டதாம். அம்மா அதை மாற்றாமல் அப்படியே வேலைக்குப் போய்விட்டு வந்தாராம்.