முதற்பிடிப் பயற்றங்காய்

மாரி ஓய்ந்து தை பிறந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பங்குமனை வாசலில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்து நின்றான். கையிலே வாழைநாரினால் கட்டிய ஒரு பிடி பயற்றங்காய். "அம்மா தரச் சொன்னவ பாதர். எங்கட வளவில காய்ச்சது" என்றான். அந்த 'எங்கட' என்ற சொல்லை அவன் சொன்ன விதத்தை எழுத்திலே கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவன்கூட அப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லமாட்டான்.

அவனுடைய குடும்பத்தை நான் அறிவேன். பாட்டனாரின் செம்மண் காணி வலிகாமம் வடக்கிலே உள்ளது. 1990 ஆனி மாதத்தில் விட்டு வந்த காணி. 2015ஆம் ஆண்டிலிருந்து அப்பகுதியில் காணிகள் படிப்படியாக விடப்பட்டபோதும் இவர்களுடைய பக்கம் இன்னும் விடப்படவில்லை. சிறுவனின் தாய் நலன்புரி நிலையத்திலே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கிருந்தே மணமுடித்துப் போனவள். இப்போது இரண்டு பரப்புக் காணியில், பாதிக் கல்லும் பாதித் தகரமுமான வீட்டில் இருக்கிறார்கள். பாட்டனாரின் காலத்தில் வெங்காயத்தை லொறியிலும் பயற்றங்காயைக் கடகம் கடகமாகவும் சந்தைக்கு அனுப்பிய குடும்பம் அது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒரு பிடி பயற்றங்காய் ஏன் இவ்வளவு பெரிய காரியமாகிறது? இம்முறை அதைப்பற்றியே உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

அபிவிருத்தி வேலையில் இருக்கும் நாங்கள் படிவங்களால் வாழ்பவர்கள். எத்தனை கிணறு, எத்தனை மலசலகூடம், எத்தனை ஏக்கர், எத்தனை பயனாளிகள் என்று எழுதி அனுப்புவோம். மகிழ்ச்சிக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. நான் கொப்பியின் பின்பக்கத்தில் சிலவற்றைக் குறித்து வைப்பதுண்டு. பல வருடங்களுக்குப் பின் தன் சொந்தக் கதவுக்குப் பூட்டு வாங்கிய தகப்பன். வளர்த்த பசு கன்று ஈன்றதும் பக்கத்து வீடுகளுக்குக் கடும்புப்பால் அனுப்பிய வீடு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் மகள் சித்தியடைந்த செய்தியைச் சொல்ல, ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் சைக்கிளில் ஊரெல்லாம் சுற்றிய ஒருவர்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மூதாட்டி சொன்னது. புதிய வளவில் குடியேறி ஒரு வருடத்தின் பின், அயல்வீட்டுப் பெண் வேலிக்கரையில் வந்து நின்று, "ஆச்சி, கொஞ்சம் கறிவேப்பிலை இருக்கோ?" என்று கேட்டாளாம். "இவ்வளவு நாளும் நான்தான் கேட்டுத் திரிஞ்சனான் பாதர். அண்டைக்குத்தான் என்னட்டை ஒருத்தி கேட்டவள்" என்றார் ஆச்சி. சொல்லும்போது கண் கலங்கியது. முகத்தில் சிரிப்பும் இருந்தது.

கமம் செய்தவர்களுக்கு இது விளங்கும். கமக்காரனின் வீட்டில் கொடுக்கல் என்பது தனியாக நினைத்துச் செய்யும் புண்ணியம் அன்று. புதிர் எடுத்தால் முதற்பிடி இறைவனுக்கு. சூடு அடித்தால் களத்துக்கு வந்தவனுக்கு ஒரு பங்கு. முருங்கை காய்த்தால் அயலுக்கு நாலு. இடம்பெயர்வு இதைத்தான் முதலில் பறித்தது. வீடும் மாடும் போனதைக் கணக்கெடுத்தார்கள். கொடுக்கும் கையாக இருந்தது வாங்கும் கையாக மாறியதை எவரும் கணக்கெடுக்கவில்லை. நிவாரண அட்டையுடன் வரிசையில் நின்ற ஒவ்வொரு தகப்பனுக்கும் தாய்க்கும் அது தெரியும்.

எனக்கும் அது தெரியும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனமெல்லாம் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு பையனாக நடந்தேன். அப்பா சைக்கிளில் அரிசியும் உடுப்பும் கட்டினார். அம்மாவோ ஒரு லக்ஸ்பிரே ரின்னை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தா. உள்ளே சாம்பலில் புரட்டிய கீரை விதையும் பயற்றை விதையும். "மனுசர் உயிரைக் கொண்டு ஓடுகினம், நீ விதையைக் கொண்டு வாறாய்" என்று அப்பா வழியெல்லாம் ஏசினார்.

கொடிகாமத்துப் பக்கம் ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட இடம் கிடைத்தது. வளவுக்காரர் நல்லவர்கள். ஆயினும் அவர்களுடைய கிணற்றில் அள்ளும் ஒவ்வொரு வாளி தண்ணீருக்கும் அம்மா குனிந்தே நடந்தா. மழை சற்று விட்ட ஒரு நாள், கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் பக்கமாக ஒரு சிறு மேட்டுப்பாத்தி கட்டிக் கீரை விதைத்தா. மழை விதையை அடித்துப் போகாதபடி தென்னோலை பரப்பினா. நத்தாரை ஒட்டிக் கீரை பிடுங்கும் பதத்துக்கு வந்தது. முதற்பிடி எங்கள் சட்டிக்கு வரவில்லை. ஒரு பனையோலைப் பெட்டியில் வைத்து வளவுக்கார அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தா. போகும்போது அம்மாவின் நடை வேறாக இருந்தது. அன்று அதை நான் விளங்கிக்கொள்ளவில்லை; பசி வேறு. "எங்களுக்கில்லாமல் ஏன் குடுக்கிறா?" என்று அப்பாவிடம் முறைப்பட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை.

பெட்டியை வெறுமையாய்த் திருப்பி அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கமன்று. பின்னேரம் அதே பெட்டி ஒரு தேங்காயுடன் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எங்கள் கொட்டிலுக்கும் அவர்கள் வீட்டுக்குமாக எத்தனையோ தடவை போய்வந்தது. அதுவரை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் 'அகதிச் சனம்'. அதன்பின் 'கொட்டில் வீட்டு மாமி' என்று அம்மாவைக் கூப்பிடத் தொடங்கினார்கள். 1996 சித்திரையில் நாங்கள் வலிகாமம் திரும்பியபோது அந்த அம்மா வீதி வரையும் வந்து வழியனுப்பினா.

இவ்வளவையும் கண்டு வளர்ந்த நான், குருவான பின் செய்த பிழை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2010ஆம் ஆண்டு, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து மக்கள் வன்னிக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு, குடும்பங்களின் விபரம் எடுக்கப் போயிருந்தேன். ஒரு வளவில் வீடு தரைமட்டமாய்க் கிடந்தது. கிணற்றடி முருங்கை மாத்திரம் நின்றது. தறப்பாள் கொட்டிலுக்குள்ளிருந்து வந்த தாயார், "பாதர், இருங்கோ. புட்டும் முருங்கையிலை வறையும் இருக்கு, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றா. அவர்களுடைய உலர் உணவுப் பங்கில் நான் கை வைப்பதா என்ற எண்ணம் எனக்கு. மக்களுக்குச் சுமையாக இருக்கலாகாது என்று குருமடத்தில் படித்த படிப்பும் கூடச் சேர்ந்துகொண்டது. "வேண்டாம் அம்மா, உங்களுக்கு வைச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு நேரமில்லை" என்று எழுந்துவிட்டேன். நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன்.

படலை வரைக்கும் கூட வந்த அவருடைய கணவர், சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னார்: "பாதர், ரண்டு வருசமாய் வரிசையில நிண்டு வாங்கித்தான் சாப்பிட்டனாங்கள். இண்டைக்குத்தான் எங்கட மரத்தில ஒடிச்சு, எங்கட அடுப்பில சமைச்சவ. ஆரும் ஒரு ஆள் சாப்பிடவேணுமெண்டு காத்துக்கொண்டு இருந்தவ."

அடுத்த வாரம் அதே வளவுக்கு, விபரப் படிவம் எதுவுமின்றிப் போனேன். "அம்மா, பசிக்குது" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

விவிலியத்தில் இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரத்தைப் பலமுறை படித்திருக்கிறேன், பிரசங்கமும் வைத்திருக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகுதான் அது எனக்குத் திறந்தது. அலைந்து திரிந்தவர்களின் பிள்ளைகள், அடிமைத்தனத்திலிருந்து வந்தவர்கள், கிடைத்த நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். தம் முன்னோர் நாடோடியாய் இருந்த கதையைச் சொல்லியே கொடுக்கிறார்கள். அந்தக் கூடையை அவர்கள் கையிலிருந்து குருவானவர் வாங்கவேண்டும் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. வாங்குவது அவருடைய கடமை. 'உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல அவருக்கு இடமில்லை. பஞ்ச காலத்தில் எலியா இறைவாக்கினர் போய்க் கையேந்தியதும் ஒரு பிடி மாவே மிஞ்சியிருந்த கைம்பெண்ணிடம் அல்லவா! திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1967இல் எழுதிய 'மக்களின் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடலும், மக்கள் தங்கள் முன்னேற்றத்தைத் தாங்களே ஆக்குபவர்களாக இருக்கவேண்டும் என்றே வற்புறுத்துகிறது. இதையெல்லாம் படித்த என்னைவிட, அந்த முருங்கை வளவுத் தாயார் தெளிவாக இருந்தா.

ஆகவே எங்களைப் போன்ற பணியாளருக்கு ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் தேத்தண்ணீர் தந்தால் இருந்து குடியுங்கள். நிவாரணப் பையைக் கொடுக்கும்போது படம் பிடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் படத்தில் பை பெரிதாகத் தெரியும். தகப்பனின் முகம் குனிந்திருக்கும். அந்த முகத்தை அவருடைய பிள்ளை பிறகொரு நாள் பார்க்கும். அப்படியான பழைய படங்கள் சிலவற்றில் நானும் நிற்கிறேன், மறைக்கவில்லை. அதே குடும்பம் தன் முதற்காயைப் பிடுங்கும் நாளில் எவரும் கமராவுடன் போவதில்லை.

குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதை நீங்களே நன்கு அறிவீர்கள். இருந்தும் முகாமில் பிறந்து, மண்வெட்டி பிடியாமலே வளர்ந்த இளைய தலைமுறைக்காகச் சில வரிகள். இரண்டு பரப்பு வேண்டியதில்லை. வெறும் உரப்பைகள் நாலும் குளித்த தண்ணீரும் போதும். பையின் அடியில் நாலு துளை இட்டு, மண்ணும் உக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். சவர்க்கார நுரை அதிகமுள்ள தண்ணீரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். முளைக்கீரை நாலு வாரத்தில் கைக்கு வரும். பயற்றை இரண்டு மாதத்துக்குள் காய்க்கத் தொடங்கும். மிளகாய்க்கு அதிலும் சற்றுப் பொறுமை வேண்டும். வேலிக்கு வெறும் தடி நடுகிறவர்கள் அந்த இடத்தில் முருங்கைக் கதியாலை நடலாமே. மாரிக்கு முன் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் குறைவு. 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டு, 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்றபோது, கோடிப்புறத்தில் நாலு மரக்கறி வைத்திருந்த வீடுகள் சமாளித்ததை நாங்கள் கண்டோம்.

முதலில் முற்றும் நல்ல காய்களில் சிலவற்றைப் பிடுங்காமல் விட்டு விதைக்கு எடுங்கள். நன்றாக உலர்த்தி, சாம்பலில் புரட்டி, ரின்னில் அடைத்து வையுங்கள். மாதர் சங்கங்கள் ஒரு சிறு விதைப்பெட்டியைத் தொடங்கலாம். ஒரு சுண்டு வாங்கியவர் அறுவடையின் பின் இரண்டு சுண்டாகத் திருப்பினால் போதும். அங்கே பணமும் வேண்டாம், கையொப்பமும் வேண்டாம்.

இதைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. உரப்பையில் வளரும் கீரையைக் காட்டி, செம்மண்ணை மறந்துவிடுங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. முப்பத்தைந்து வருடங்களாக வேலிக்கு வெளியே நின்று தன் காணியைப் பார்க்கும் குடும்பத்துக்கு அந்தக் காணிதான் நீதி. பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் மனுவும், உறுதியின் பிரதியும் உங்கள் கையில் இருக்கட்டும். கொடுப்பதற்கு இன்று ஒன்றுமில்லாத வீடுகளும் உண்டு. நோயாளியைப் பார்த்துக்கொண்டு கூலிவேலைக்கும் ஓடும் ஒரு பெண்ணிடம் போய், 'நீ ஏன் தோட்டம் வைக்கவில்லை' என்று எவரும் கேட்கவேண்டாம். அவள் தன் பிள்ளையின் வெள்ளைச் சட்டையை இரவில் தோய்த்து, காலையில் மடிப்புக் குலையாமல் போட்டு அனுப்புகிறாளே, அதுவும் அந்த வீட்டின் பெருமைதான்.

பயற்றங்காய் கொண்டுவந்த சிறுவனிடம் திரும்புகிறேன். பிடியை வாங்கிக்கொண்டு, பங்குமனை வளவில் பழுத்திருந்த ஒரு பப்பாசியை எடுத்து நீட்டினேன். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "ஒண்டும் வாங்கிக்கொண்டு வரக்கூடாதெண்டு அம்மா சொன்னவ" என்றான். பெட்டியில் வைத்து அனுப்பினால் எதையாவது இட்டுத் திருப்பிவிடுவேன் என்று எண்ணித்தான் போலும், அவள் நாரினால் கட்டி அனுப்பியிருக்கிறாள். நான் பப்பாசியை மேசையில் வைத்துவிட்டேன். அவன் ஓடிப்போனான்.

ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது தாய் மாமரத்தடியில் நின்றாள். "கறி எப்படி பாதர்?" என்றாள்.

"காய் நல்ல பிஞ்சு. சமைத்தது நான், உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."

அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திரும்பி, "ரண்டு கொடியில காயை முத்த விட்டிருக்கிறன். விதை வேணுமெண்டால் மாசிக்குள்ள வந்து வாங்கு" என்றாள்.