வழிபாட்டிடச் சிதைவும் மக்கள் எதிர்வினையும்: நோட்ர டாம் தீவிபத்தின் பின்னணியில் தனுஷ்கோடித் தேவாலயம்

ஆய்வுச்சுருக்கம்

பாரிசு நகரின் நோட்ர டாம் பேராலயம் 2019இல் தீக்கிரையானபோது உலகெங்கும் பெருந்துயரம் வெளிப்பட்டது. ஐந்தே முக்கால் ஆண்டுகளுக்குள் அது மீண்டும் திறக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயம் இன்றளவும் கூரையற்ற சுவர்களாக நிற்கிறது. ஒரு வழிபாட்டிடம் அழியும்போது மக்கள் காட்டும் எதிர்வினையை எவை தீர்மானிக்கின்றன என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் தீவிபத்து, கச்சத்தீவு அந்தோணியார் ஆலயம் ஆகியவற்றை ஒப்பிட்டு, கட்டடத்தின் தொன்மையைக் காட்டிலும் அதனோடு உறவு தொடரும் மக்கள் எஞ்சியிருப்பதே முதன்மைக் காரணி என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தனுஷ்கோடி, நோட்ர டாம், தீவிபத்து, புயல், முருகைக்கல், ஊர் ஆலயம், திருத்தலம், நினைவு.

முன்னுரை

கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவை வழிபாட்டிற்குரிய இடங்கள் மட்டுமல்ல. ஒரு சமூகம் தன் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை நினைவில் இருத்திக்கொள்ளும் இடங்களுமாகும். ஆகவே அவற்றுள் ஒன்று அழியும்போது அதனைப் பொருளிழப்பாக மட்டும் மக்கள் கருதுவதில்லை. ஆயினும் எல்லா அழிவுகளுக்கும் ஒரே அளவில் துயரம் எழுவதும் இல்லை. இவ்வேறுபாட்டை விளக்க, தீயினால் சிதைந்த இரு கட்டடங்களும் கடலால் சிதைந்த ஒரு கட்டடமும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பாரிசில் எழுந்த எதிர்வினை

2019 ஏப்ரல் 15ஆம் நாள் மாலை நோட்ர டாம் பேராலயத்தின் கூரைப்பகுதியில் தீப்பற்றியது. அது கிறித்தவர்களின் புனித வாரத்தின் திங்கட்கிழமை. இடைக்காலத்தில் அமைக்கப்பட்ட ஓக் மரக்கூரை முழுவதும் எரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் வியோலே லெ தியூக் என்னும் கட்டடக் கலைஞர் எழுப்பிய கூர்கோபுரம் மக்கள் கண்முன்னே சரிந்து விழுந்தது. தெருக்களில் திரண்டோர் முழந்தாளிட்டுப் பாடினர். சமயப்பற்று இல்லாதோரும் கண்ணீர் சிந்தினர்.

ஐந்தாண்டுகளில் பேராலயம் மீளக் கட்டப்படும் எனப் பிரான்சு நாட்டுக் குடியரசுத் தலைவர் அறிவித்தார். ஏறத்தாழ 150 நாடுகளைச் சேர்ந்த 3,40,000 பேரிடமிருந்து 84 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. கூர்கோபுரத்தைப் புதிய வடிவில் அமைப்பதா, பழைய வடிவிலேயே அமைப்பதா என்னும் விவாதம் ஓராண்டுக்கு மேல் நடந்து, பழைய வடிவமே 2020இல் உறுதி செய்யப்பட்டது. அதற்கென ஏறத்தாழ 2000 ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. 2024 டிசம்பர் 7ஆம் நாள் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

இவ்வளவு விரைவுக்குப் பற்று மட்டுமே காரணமன்று. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அக்கட்டடம் அரசின் உடைமை. எனவே மீளக் கட்டும் பொறுப்பு யாருடையது என்பதில் ஐயம் எழவில்லை. விக்தர் யூகோ 1831இல் வெளியிட்ட நாவல் அப்பேராலயத்தை உலக வாசகரின் சொத்தாக்கியிருந்ததும் இங்குக் கருதத்தக்கது.

மறுபுறம், அத்துயரம் குறித்த கடுமையான வினாக்களும் எழுந்தன. பெருஞ்செல்வர்கள் சில மணி நேரத்தில் கோடிகளை அறிவித்தபோது, ஏழைகளின் துயருக்கு இப்பணம் ஏன் வரவில்லை எனப் பிரான்சு மக்களில் ஒரு பகுதியினர் கேட்டனர். அதே காலத்தில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கறுப்பின மக்களின் மூன்று தேவாலயங்கள் தீவைக்கப்பட்டு எரிந்திருந்தன. நோட்ர டாமுடன் ஒப்பிட்டு அவற்றை நினைவூட்டிய பின்னரே அவற்றுக்கு நன்கொடை பெருகியது. புகழ்பெற்ற கட்டடத்திற்கான துயரம் பிற இழப்புகளை மறைக்கவும் செய்யும், நினைவூட்டவும் செய்யும் என்பதை இது காட்டுகிறது.

மதுரையில் எழுந்த எதிர்வினை

2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குப் பகுதியில் உள்ள வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. அங்கிருந்த கடைகள் எரிந்தன. நாயக்கர் காலத் தூண்கள் வெடித்துக் கூரைக்கற்கள் விழுந்தன. கருங்கல் எரியாது என்னும் பொதுவான நம்பிக்கையை இந்நிகழ்வு தகர்த்தது. கருங்கல்லில் உள்ள கனிமங்கள் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிவடைகின்றன. குறிப்பாகக் குவார்ட்சு 573 பாகை செல்சியசில் அமைப்பு மாறித் திடீரெனப் பருமன் கூடுவதால் கல் உள்ளிருந்தே பிளக்கிறது.

இங்கு மக்களின் எதிர்வினை இருவகையாக அமைந்தது. ஒன்று, சகுனம் பற்றிய அச்சம். சில நாள்களிலேயே திருவாலங்காடு கோயிலின் தலமரமும் தீப்பற்றியதால் இவ்வச்சம் வலுப்பெற்றது. மதுரையையும் தீயையும் இணைத்துப் பேசும்போது சிலப்பதிகாரம் தமிழ் மனத்தில் எழுவது இயல்பு. அக்காப்பியத்தில் தீ, அறம் பிழைத்ததன் விளைவாகவே வருகிறது. மற்றொன்று, பொறுப்பு யாருடையது என்னும் வினா. கோயிலுக்குள் கடைகளை அனுமதித்தது முறையா என்னும் விவாதம் உயர்நீதிமன்றம் வரை சென்று, கோயில்களிலிருந்து கடைகளை அகற்றும் நடவடிக்கைக்கு வழிவகுத்தது.

சீரமைப்புப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. பழைய தூண்களுக்கு ஈடான கல்லைத் தேர்வதே பெரும்பணியாயிற்று. நாமக்கல் மாவட்டத்திலிருந்து கற்கள் கொண்டுவரப்பட்டன. இத்தனை தாமதத்திற்கிடையிலும் அம்மண்டபம் மறக்கப்படவில்லை. நாள்தோறும் வரும் அடியார் கூட்டமே அதனை நினைவூட்டிக்கொண்டிருந்தது.

தனுஷ்கோடியில் நிலவிய மௌனம்

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் அமைந்த தனுஷ்கோடி, 1914 முதல் இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த துறைமுகமாக விளங்கியது. சென்னையிலிருந்து தொடர்வண்டியில் வருவோர் அங்குக் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். தொடர்வண்டி நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி ஆகியவற்றோடு தேவாலயமும் இருந்தது. துறைமுகப் பணியாளர், தொடர்வண்டிப் பணியாளர், மீனவர் எனப் பல திறத்தார் வாழ்ந்த ஊர் அது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் அவ்வூர் அழிந்தது. கிறித்துமசுக்கு அப்போது மூன்று நாள்களே இருந்தன. பாம்பனிலிருந்து வந்த பயணியர் வண்டி நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலில் மூழ்கியது. அரசு தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற ஊர் என அறிவித்தது. உயிர் பிழைத்தோர் இராமேசுவரத்திலும் அருகிலுள்ள ஊர்களிலும் குடியேறினர்.

இதன்பின் நிகழ்ந்தவை ஒப்புநோக்கத்தக்கவை. சிதைந்த பாம்பன் தொடர்வண்டிப் பாலம், இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்ற பணியால் 46 நாள்களில் சீராக்கப்பட்டது. இராமேசுவரத்திற்கு வரும் பயணியர்க்கு அப்பாலம் இன்றியமையாததாக இருந்தது. ஆனால் தனுஷ்கோடிக்கான இருப்புப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. தேவாலயத்தைக் கட்டுக என்னும் குரலும் பெரிதாக எழவில்லை. உறவினரின் உடலையே தேடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கட்டடத்திற்காக அழ நேரமில்லை. அழக்கூடிய ஊரும் இல்லை.

தீயும் கடலும்

இவ்வேறுபாட்டிற்கு அழிவின் தன்மையும் ஒரு காரணம் எனலாம். தீ என்றால் அதை மூட்டியவர் அல்லது காக்கத் தவறியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் எழுகிறது. ஆகவே விசாரணை, கண்டனம், சீரமைப்பு என எதிர்வினை ஒரு வடிவம் பெறுகிறது. கடலின் சீற்றத்திற்கு அத்தகைய பொறுப்பாளர் இல்லை. இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோள் செய்திகளில், கடல் கொண்ட நகருக்கு அடுத்து வேறொரு நகரில் சங்கம் கூடியதாகவே சொல்லப்படுகிறது. இழந்த நகர் மீட்கப்பட்டதாகச் சொல்லப்படவில்லை. கடல் கொண்டதை விட்டு இடம்பெயர்தல் என்பது தமிழ் மரபில் பழகிய எதிர்வினையே.

எனினும் இக்காரணம் மட்டும் போதுமானதன்று. அதே புயலில் தப்பிய கோதண்டராமர் கோயில் தனித்து நின்றபோதும் வழிபாடு இழக்கவில்லை. தனுஷ்கோடிக் கடலில் நீராடும் வழக்கமும் நின்றுவிடவில்லை. எனவே கடலுக்கு அஞ்சி மக்கள் அப்பகுதியை முற்றிலும் துறந்தனர் எனக் கொள்ள இயலாது.

ஊர் ஆலயமும் திருத்தலமும்

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். சேது நீராட வருவோர் நாடெங்குமிருந்து வருபவர்கள். ஓர் ஊர் அழிந்ததால் அவர்களது வழக்கம் அழிவதில்லை. தனுஷ்கோடித் தேவாலயம் அத்தகைய திருத்தலமன்று. அது ஊர் ஆலயம். துறைமுகத்திலும் கடலிலும் வேலை செய்தோரே அதன் மக்கள். அவர்கள் மாண்டபோதும் சிதறியபோதும் ஆலயத்தின் சமூகமே இல்லாமற் போயிற்று. சுவர்கள் எஞ்சின, அவற்றைத் தம்முடையன என உரிமை கொள்வோர் எஞ்சவில்லை.

இக்கருத்திற்கு அண்மையிலேயே ஒரு மறுதலைச் சான்று உண்டு. கச்சத்தீவில் நிலையான குடியிருப்பு இல்லை, குடிநீரும் இல்லை. எனினும் அங்குள்ள அந்தோணியார் ஆலயத்தின் ஆண்டு விழாவிற்கு இராமேசுவரக் கரையிலிருந்தும் யாழ்ப்பாணக் கரையிலிருந்தும் மக்கள் கூடுகின்றனர். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இந்தியப் பயணியர் நுழைவிசைவின்றி அங்குச் செல்ல இடமளிக்கிறது. உள்நாட்டுப் போர் அவ்விழாவைத் தடைப்படுத்தியபோதும் அது மீண்டும் தொடர்ந்தது. 2016 டிசம்பரில் அங்குப் புதிய ஆலயம் திறக்கப்பட்டது. 2024இல் மீனவர் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து இராமேசுவர மீனவர்கள் விழாவைப் புறக்கணித்தனர். புறக்கணிப்பே போராட்ட வடிவம் ஆகுமெனில், அவ்வாலயத்தோடு அவர்களுக்குள்ள உறவின் ஆழம் விளங்கும். ஆண்டுக்கு இரு நாள்கள் கூடும் மக்களே ஓர் ஆலயத்தை உயிருடன் வைத்திருக்கப் போதுமானவர்கள் என்பது இதனால் தெளிவாகிறது.

சுவர்களின் இன்றைய நிலை

2017இல் அரிச்சல்முனை வரை சாலை அமைந்தபின் தனுஷ்கோடிக்கு வருவோர் தொகை பெருகியுள்ளது. முன்பு மணலில் வேன்களில் சென்றவர்கள் இன்று தம் வாகனங்களிலேயே சென்று சேர்கின்றனர். தேவாலயச் சுவர்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அரை நூற்றாண்டுக்குப் பின் எழுந்த இவ்வார்வத்தையும் ஒருவகை எதிர்வினையாகவே கொள்ளலாம். ஆனால் இது இழந்தவர்களின் துயரம் அன்று. காண வந்தவர்களின் வியப்பு. அதே மணலில் குடிசைகளில் வாழும் மீனவர்கள் இவ்வியப்பின் எல்லைக்குள் வருவது அரிது.

அச்சுவர்கள் முருகைக்கல் எனப்படும் பவளப்பாறைக் கற்களால் ஆனவை. அக்கல் நுண்துளைகள் நிறைந்தது. உப்புக் காற்றின் ஈரம் துளைகளில் நுழைந்து உலரும்போது உப்புப் படிகங்கள் வளர்ந்து கல்லை உள்ளிருந்து உதிர்க்கின்றன. ஆண்டுதோறும் நிகழும் இச்சிதைவை யாரும் தீவிபத்தைப் போல் நேரில் காண்பதில்லை.

மேலும், பாரிசுக்கு ஓக் மரமும் மதுரைக்குக் கருங்கல்லும் கிடைத்ததுபோல் தனுஷ்கோடிக்கு அதே கல் கிடைக்காது. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளங்கள் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பவளப்பாறைகள் கடலரிப்பைத் தணிக்கும் அரண் என்பதால் இத்தடை தேவையானது. இதனால் அச்சுவரிலிருந்து உதிரும் ஒவ்வொரு கல்லும் ஈடு செய்ய இயலாத இழப்பாகிறது. பழைய வடிவில் மீளக் கட்டுதல் என்னும் பாரிசு வழி இங்குப் பொருந்தாது; எஞ்சியவற்றைச் சிதையாமல் காத்தலே இயலக்கூடிய வழி.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, தீயினால் நேரும் அழிவு பொறுப்பாளரைத் தேடுகிறது. கடலால் நேரும் அழிவு விதியாக ஏற்கப்படுகிறது. இரண்டாவது, எதிர்வினையின் அளவைக் கட்டடத்தின் தொன்மையைவிட அதனோடு உறவு தொடரும் மக்களின் இருப்பே தீர்மானிக்கிறது. மூன்றாவது, அத்தகைய மக்கள் ஊரிலேயே வாழ வேண்டுவதில்லை. ஆண்டுக்கொருமுறை கூடினாலும் போதும்.

தனுஷ்கோடியைப் பொறுத்தவரை, 1964இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று எழுபது வயதைக் கடந்தவர். அத்தேவாலயத்தில் மணி ஒலித்ததையும், அங்கு நடந்த திருமணங்களையும் திருவிழாக்களையும் நேரில் அறிந்தோர் இன்னும் சில ஆண்டுகளே நம்மிடையே இருப்பர். சுவர்கள் உதிரும் வேகத்தைவிட இந்நினைவுகள் மறையும் வேகம் மிகுதி. அவர்களது வாய்மொழி வரலாற்றைத் தொகுப்பது இப்பகுதிக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். பாரிசு மக்கள் தம் பேராலயத்தை இழந்த இரவிலேயே அழுதனர். தனுஷ்கோடி மக்களுக்கு அவ்வாய்ப்பு வழங்கப்படவில்லை. அவர்கள் சொல்லக் கேட்டுப் பதிவு செய்தல், காலம் தாழ்ந்தேனும் அவர்களது துயரத்திற்குத் தமிழாய்வுலகம் செய்யத்தக்க கடமையாகும்.