பழைய தலப்படங்களில் பொதிகை மலை

தாமிரபரணி ஆற்றின் சமவெளிப் பகுதிக்கு வரலாற்று ஆதாரங்கள் ஏராளமாக உள்ளன. கோயில் கல்வெட்டுகள், செப்பேடுகள், வருவாய்த்துறைப் பதிவேடுகள், ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகள் எனப் பலவும் அப்பகுதியைப் பற்றிப் பேசுகின்றன. ஆனால் பாபநாசத்துக்கு மேலே, ஆறு பொதிகையிலிருந்து இறங்கிவரும் மலைப்பகுதியைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. அங்கே மக்கள் எங்கே குடியிருந்தனர், எந்த வழியாக மலையைக் கடந்தனர், காட்டின் எல்லை எங்கே நின்றது என்பவற்றுக்குப் பெரும்பாலும் வாய்மொழியே சான்று. இக்குறையை ஓரளவு நிரப்பக்கூடியவை, இந்திய நில அளவைத் துறை தலைமுறை தலைமுறையாக வெளியிட்டுவந்த தலப்படங்கள் ஆகும். ஓர் இடத்தின் மேடுபள்ளம், நீர்நிலை, காடு, பாதை, குடியிருப்பு, எல்லை ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் குறியீடுகளால் காட்டும் பெரிய அளவிலான வரைபடமே தலப்படம்; டோப்போ ஷீட் என்று அலுவலகங்களில் வழங்குவதும் இதுவே.

இவ்வரைபடங்களுக்கு அடித்தளமான முக்கோண அளவை, 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தொடங்கியதாகும். ஒரு பக்கத்தின் நீளத்தை நிலத்தில் நேரடியாக அளந்து, மற்ற இரு பக்கங்களைக் கோணங்களைக் கொண்டு கணக்கிட்டு, அப்படியே முக்கோணத்தோடு முக்கோணத்தைத் தொடுத்துச் செல்வது இம்முறையின் சாரம். கோணங்களை அளக்கும் தியோடலைட் என்னும் கருவி ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது அதை ஏற்றியபோது சுவரில் மோதிச் சேதமடைந்ததும், செப்பனிட்டபின் பணி தெற்கே தொடர்ந்து 1809இல் குமரிமுனைப் பகுதியை எட்டியதும் அளவை வரலாற்றின் புகழ்பெற்ற பக்கங்கள். பொதிகை மலையின் மேற்குப் பக்கத்தை, 1816 முதல் 1820 வரை நடந்த திருவிதாங்கூர், கொச்சி அளவையில் வார்டு, கானர் என்னும் இரு படை அதிகாரிகள் பதிவுசெய்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் பல வண்ணத் தாள்களை நாடு முழுவதற்கும் வெளியிடும் திட்டம் வகுக்கப்பட்டது. மெட்ரிக் முறை வந்தபின் அவற்றின் இடத்தை, இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும் தாள்கள் பிடித்தன. அம்பாசமுத்திரமும் பாபநாசமும் மாஞ்சோலையும் 58 எச்/6 என்ற எண்ணுள்ள தாளில் அடங்குகின்றன. பொதிகையின் உச்சியான அகத்தியமலை அத்தாளின் மேற்கு விளிம்பைத் தாண்டி 58 எச்/2 தாளுக்குள் விழுகிறது.

இத்தாள்களைப் படிக்கச் சிறிது பயிற்சி போதும். கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் பழுப்புநிறக் கோடுகள் சமவுயரக் கோடுகள் எனப்படும்; அவை நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் மென்சரிவு அல்லது சமதளம். பாபநாசத்துக்கு மேலே மலையிலுள்ள முண்டந்துறை ஏன் குடியிருப்புக்கும் வழிப்பயணத்துக்கும் ஏற்றதாயிருந்தது என்பதை இக்கோடுகளின் இடைவெளியே காட்டிவிடும். நீர் உள்ள ஆறுகளை நீலத்திலும், மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் ஓடைகளைக் கறுப்பிலும் வரைவது மரபு. ஒரு தாளில் நீலமாக இருந்த ஓடை அடுத்த பதிப்பில் கறுப்பாகியிருந்தால் அதை உடனே வறட்சிக்குச் சான்றாகக் கொண்டுவிடக் கூடாது. அளவையாளர் எந்தப் பருவத்தில் வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதற்கு உதவுவது தாளின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் அளவை ஆண்டு. அது பதிப்பு ஆண்டிலிருந்து வேறுபடும் என்பதும், பழைய அளவையின் மேல் சில திருத்தங்களை மட்டும் செய்து மறுபதிப்பு வெளியிடுவது வழக்கம் என்பதும் மறக்கக்கூடாதவை.

தாமிரபரணி மலைப்பகுதியில் இந்த ஆண்டுகளுக்குத் தனி மதிப்பு உண்டு, ஏனெனில் அங்கே நிலத்தின் முகமே சில பத்தாண்டுகளில் மாறிப்போனது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. அதற்கென எழுப்பப்பட்ட மேலணை காரையாற்றுப் பள்ளத்தாக்கை நீரில் மூழ்கடித்தது. மணிமுத்தாறு அணை 1950களின் இறுதியிலும், சேர்வலாறு அணை 1980களிலும் வந்தன. ஆகவே அணைகளுக்கு முன் அளக்கப்பட்ட தாளில், இன்று நீலப்பரப்பாகக் காணும் இடங்களில் ஆற்றின் வளைவுகளும் கரையோரப் பாதைகளும் உயரக் கோடுகளும் இருந்தே ஆகவேண்டும். பாணதீர்த்த அருவியிலிருந்து விழுந்த நீர் எந்த வழியே இறங்கியது, மலையேறுவோர் ஆற்றை எங்கே கடந்தனர் என்பவற்றை, நீருக்கடியில் போய்விட்ட அந்நிலத்தின் படமாக எஞ்சியிருக்கும் இத்தாள்களில்தான் இனித் தேடமுடியும்.

மாஞ்சோலையின் கதையும் இவ்வாறே தாள்களுக்கிடையில் விரிகிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் மலைக்காட்டைப் பாம்பே பர்மா நிறுவனம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அதற்கு முந்தைய அளவையில் அடர்காடு. பிந்தையவற்றில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் தோட்டங்களும் அவற்றை இணைக்கும் சாலையும். நிறுவனம் 2024இல் தோட்டப் பணிகளை நிறுத்திவிட்ட நிலையில், நான்கு தலைமுறையாகத் தொழிலாளர்கள் வாழ்ந்த, லயன் எனப்படும் வரிசை வீடுகளின் இருப்பிடத்துக்கு நாளை இத்தாள்களே முதன்மைச் சான்றாக நிற்கக்கூடும்.

நிலம் மாறாமல் ஆட்சி மட்டும் மாறிய இடங்களும் உண்டு. மலைக்குக் கிழக்கே இருந்தபோதும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கத்திலேயே இருந்தது. பழைய தாள்களில் எல்லைக்கோடு மலைமுகட்டை விட்டுச் சமவெளிக்குள் இறங்கிவருவதன் காரணம் இதுவே.

ஆயினும் தலப்படம் நடுநிலையான சாட்சி அன்று. அதை வரையச் செய்த அரசுக்கு வரி, மரம், படைவழி, எல்லை ஆகியவையே முதன்மையானவை. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் ஒதுக்குக்காடுகளின் எல்லைகள் கல்நட்டு வகுக்கப்பட்டு வரைபடத்திலும் ஏறின. அவ்வெல்லைகளுக்குள் வாழ்ந்த காணிப் பழங்குடி மக்களோ, காட்டைத் திருத்திச் சில ஆண்டுகள் பயிரிட்டு வேறிடம் நகரும் வேளாண்மையை மேற்கொண்டிருந்தவர்கள். ஆகவே அளவையாளர் வந்த நாளில் இருந்த குடிசைகள் ஒரு புள்ளியாகப் பதிவாகலாம், அல்லது பதிவாகாமலே போகலாம். இஞ்சிக்குழி, மயிலாறு போன்ற குடியிருப்புகளின் பழைமையைத் தாளில் பெயர் இல்லை என்பதைக் கொண்டு மறுப்பது பெருந்தவறு.

இது வெறும் ஆய்வுச் சிக்கல் அன்று. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள், உரிமைக் கோரிக்கைக்கு ஏற்கத்தக்க சான்றுகளின் வரிசையில் அரசு வரைபடங்களைக் குறிப்பிடுவதோடு, ஊர்ப் பெரியவர்களின் எழுத்தில் பதிந்த வாக்குமூலத்தையும் இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற தடயங்களையும் சேர்த்தே சொல்கின்றன. வரைபடமும் வாய்மொழியும் ஒன்றையொன்று திருத்தவேண்டும் என்று ஆய்வாளர் கருதுவதைச் சட்டமும் ஏற்றுள்ளது.

பழைய தாளையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தக் க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்னும் புவிவடிவக் கணக்கையும், இன்றைய ஜிபிஎஸ் வேறொரு கணக்கையும் பின்பற்றுவதால், அவ்வேறுபாட்டைச் சரிசெய்யாவிட்டால் இடங்கள் நூறு மீட்டருக்கும் மேல் விலகிவிடும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் பழைய வரைபடங்களை இவ்வாறு பொருத்தி, யாரும் எங்கிருந்தும் காணுமாறு இணையத்தில் வைத்துள்ளது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசிய வரைபடக் கொள்கை பொதுப்பயன்பாட்டுக்கெனத் தனி வரிசையை உருவாக்கியது பெரும் முன்னேற்றம். எனினும் அது இன்றைய நிலத்தையே காட்டுகிறது. அணைகளுக்கும் தோட்டங்களுக்கும் முந்தைய தாள்கள் கல்லூரிப் புவியியல் துறைகளிலும் பழைய அலுவலகங்களிலும் மடிப்புகளில் கிழிந்துகொண்டிருக்கும் நிலை நீடிக்கக் கூடாது. அவற்றை வைத்திருப்போர், ஓரக்குறிப்பும் அளவை ஆண்டும் விடுபடாமல் ஒளிவருடி எடுத்துப் பொதுவில் வைப்பதோடு, பொதிகையின் பாதைகளை நடந்தறிந்த காணிப் பெரியவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கும்போதே அவர்கள் முன் விரித்து, தாளில் இல்லாத பெயர்களையும் எழுதிச் சேர்க்க முன்வரவேண்டும்.