மண்ணில் ஊன்றிய டவரே ஆன்டெனா

அமெச்சூர் வானொலியின் 160 மீட்டர் பட்டை இரவுக்கு உரியது. பகலில் அயனி மண்டலத்தின் டி அடுக்கு அந்த அலைகளை விழுங்கிவிடும். இருட்டி அந்த அடுக்கு கலைந்ததும் கண்டம் விட்டுக் கண்டம் பேசலாம். இடைஞ்சல் உயரம்தான். 1.84 மெகாஹெர்ட்ஸில் நிமிர்ந்த ஆன்டெனாவுக்கு வேண்டிய கால் அலைநீளம் சுமார் 41 மீட்டர். செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ ஒரு வீட்டு மனையில் அவ்வளவு உயரக் கம்பம் நிறுத்துவது லேசில்லை. ஆனால் வேறு பட்டைகளுக்காக யாகி ஆன்டெனாவைத் தலையில் சுமந்து நிற்கும் 20 மீட்டர் இரும்பு டவர் சில அமெச்சூர் வானொலியாளர்களிடம் உண்டு. அந்த டவரையே ஆன்டெனா ஆக்கலாம். அதன் அடி கான்கிரீட்டில் புதைந்து எர்த் ஆகியிருந்தாலும் தடையில்லை.

எர்த் ஆன இரும்பில் மின்சாரம் கொடுத்தால் மண்ணுக்குள் போய்விடாதா? நேர்மின்னோட்டத்துக்கு அந்தக் கவலை நியாயம். நொடிக்குப் பதினெட்டு லட்சம் முறைக்கு மேல் அலைவுறும் மின்னோட்டத்தின் கணக்கு வேறு. கடற்கரைத் தென்னையைப் பார்த்தால் விளங்கும். வேர் அசையாது, உச்சி ஆடும். டவரில் மின்னழுத்தமும் அப்படித்தான்: அடியில் பூஜ்யம், உச்சியில் உச்சம். காற்றில் வளையும் மரத்தின் இறுக்கமெல்லாம் அடித்தண்டில் சேர்வதுபோல, மின்னோட்டம் டவரின் அடியில்தான் அதிகம். தூரோடு பிடித்துத் தள்ளினால் மரம் அசையாது. சற்று ஏறி, அதன் தாளத்துக்கே தள்ளினால் முழு மரமும் ஆடும். மேலே போகப் போகத் தள்ளுவது இலகுவாகும். தள்ளுபவர் பலத்துக்குப் பொருந்தும் உயரம் ஒன்று உண்டு. கருவியிலிருந்து வரும் கேபிளின் 50 ஓமுக்குப் பொருந்தும் இணைப்பு உயரம் அதுதான். தலையில் மட்டையும் குலையும் கனத்தால் குட்டைத் தென்னையும் நெட்டையைப்போல மெதுவாக ஆடும். யாகி அந்தத் தலைச்சுமை. தூரில் மண் இளகியிருந்தால் தள்ளிய உழைப்பு மண்ணைக் குழைப்பதிலேயே கரையும். மண் இழப்பு என்பது அதுவே.

நடைமுறையில், டவரை ஒட்டினாற்போல் முக்கால் மீட்டர் விலகி ஒரு கம்பி இறங்குகிறது. மேல்முனை டவரோடு இணையும். கீழ்முனை ஒரு மாறு கன்டென்சர் வழியாகக் கேபிளின் நடுக்கம்பிக்குப் போகும். கேபிளின் உறை டவரின் அடியில் சேரும். கம்பியும் டவரும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுருள் ஆவதால் வரும் தூண்டல் மறுப்பைக் கன்டென்சர் ஈடுகட்டுகிறது. அந்த மறுப்பு 300 ஓம் என்றால் 290 பிக்கோஃபாரட் வேண்டும். 100 வாட்டில் கன்டென்சரின் தகடுகளுக்கிடையே உச்சத்தில் 600 வோல்ட் நிற்கும். 400 வாட்டில் 1,200. பழைய ரேடியோவின் கேங் கன்டென்சர் உப்புக்காற்றில் அதைத் தாங்காமல் பொறி பறக்கும். இடைவெளி அகன்ற தகடுகளும் மூடிய பெட்டியும் தேவை.

அடியில் விலையுயர்ந்த பீங்கான் இன்சுலேட்டர் இல்லாமலே ஒலிபரப்புக் கோபுரங்களை இயக்கும் இம்முறையைப் பொறியாளர்கள் மாரிசனும் ஸ்மித்தும் 1937-இல் விவரித்தார்கள். மின்மறுப்புக் கணக்குக்கு உதவும் ஸ்மித் வரைபடம் தந்த ஸ்மித்தேதான் இவர்.

பொருத்தத்தை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1:1 காட்டியதும் வெற்றி என்று விளம்பரங்கள் சொல்வதை நம்பக்கூடாது. திறனை வெப்பமாகவே கரைக்கும் டம்மி லோடும் 1:1 காட்டும். அது ஒரு வீதி தாண்டிக் கேட்காது. தலைச்சுமையில்லாத 20 மீட்டர் டவரின் கதிர்வீச்சு மின்தடை, அதாவது வானுக்குப் போகும் திறனைக் குறிக்கும் மின்தடை, 6 ஓம்தான். தலைச்சுமை மிகப் பெரிதாகி, அடிமுதல் உச்சிவரை மின்னோட்டம் சமமாக ஓடினால் அது நான்கு மடங்காகி 24 ஓமை எட்டும். நிஜ டவர்கள் இரண்டுக்கும் இடையில் நிற்கும். மண்ணில் 20 ஓம் இழப்பு இருந்தால் முதல் டவர் திறனில் கால் பங்குகூட வானுக்கு அனுப்பாது, இரண்டாவது பாதிக்கு மேல் அனுப்பும். மீட்டருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

ஆகவே வேலை முழுக்கத் தரையில் இருக்கிறது. உப்பும் கரியும் கொட்டிய எர்த் குழி வீட்டு மின்சாரத்துக்குப் போதும். ரேடியோ மின்னோட்டமோ டவரைச் சுற்றிப் பல பத்து மீட்டர் பரப்பிலிருந்து அடிக்குத் திரும்பி வருகிறது. அதற்குப் பாதை போட ஆரக்கால்போல் ரேடியல் கம்பிகள் விரிக்க வேண்டும். 256 மீட்டர் கம்பி கையிலிருந்தால், 64 மீட்டரில் நான்கைவிட 16 மீட்டரில் பதினாறு மேல். சின்ன மனைக்கு இது நல்ல செய்தி.

செங்கல்பட்டின் பாறைத் தரை மின்சாரத்தை மோசமாகவே கடத்தும். காய்ந்த மண்ணில் அலை பத்து மீட்டருக்கு மேல் ஊடுருவி வெப்பமாய்ச் சாகிறது. கடல்நீரில் 17 செ.மீ. தாண்டுவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும், அதாவது கடல் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றாலே கடலின் பலன் கிடைத்துவிடும் என்பது மிகை. தாழ்ந்த கோணத்தில் அலை வலுப்பெறுவது நீர் விரிந்திருக்கும் திசையில் மட்டும்; இங்கே அது கிழக்கும் தென்கிழக்கும். ஐரோப்பா பக்கம் நிலமே. டவரும் நீர்விளிம்பிலிருந்து ஓர் அலைநீளத்துக்குள், 160 மீட்டருக்குள், இருந்தால் நல்லது. காய்ந்த மணல்மேட்டிலோ மாமல்லபுரத்தின் கருங்கல் குன்றை ஒட்டியோ நிற்கும் டவருக்கு ரேடியல் விலக்கு கிடையாது. முட்டுக்காடு காயலோரமும் கோவளம் உப்பளத் தரையும் அதைவிட எவ்வளவோ தேவலை.

கடலோரம் கேட்கும் விலை துரு. நாகமுலாம் பூசிய டவரில் செம்புக்கம்பியை நேராக முடுக்கினால் உப்பீரத்தில் நாகம் அரிக்கப்பட்டு, இணைப்பு தளரும்; இடையில் எவர்சில்வர் வாஷர் போட வேண்டும். டவர்த் துண்டுகள் சேரும் இடங்களில் துரு ஏறினால் மின்னோட்டத்தின் பாதையே கெடும் என்பதால் மூட்டுக்கு மூட்டு குறுக்குப் பட்டை இணைப்பது நல்லது. ஸ்டே கம்பிகளை, மின்கம்பங்களில் காண்பதுபோல் முட்டை இன்சுலேட்டர்களால் துண்டாக்காவிட்டால் அவையும் ஆன்டெனாவின் பகுதியாகி அளவுகளைக் குலைக்கும்.

இடிமழைக் காலத்தில் எர்த் ஆன டவருக்கு ஒரு சாதகம் உண்டு: அதில் நிலைமின்சாரம் தேங்காது, மின்னலுக்கும் நேரான பாதை கிடைக்கும். அதற்காகக் கருவியோடு இணைத்த கேபிளை அப்படியே விட்டுவிடக்கூடாது. மேகம் கறுத்ததும் கழற்றி வெளியே வைக்க வேண்டும்.